வண்டி நிற்க ஓர் இடம்

பேருந்தில் ஜன்னலோர இடம் கிடைத்தால் எல்லோரும் வெளியே வேடிக்கை பார்ப்பார்கள். அவளும் பார்ப்பாள். ஆனால் அவள் கண் கடைகளில் நிற்காது, மனிதர்கள்மேல் நிற்காது. இரண்டு கட்டடங்களுக்கு நடுவே எங்காவது காலி மண் தெரிந்தால் அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். வாசல் எவ்வளவு அகலம், மேலே மின்கம்பி எவ்வளவு தாழ்வாகத் தொங்குகிறது, முன்னால் சாக்கடைமேல் போட்டிருக்கும் கல் கனம் தாங்குமா, வண்டி வளைந்து நுழைய எதிர்ப்பக்கம் இடம் இருக்கிறதா என்று பார்த்து முடிப்பதற்குள் பேருந்து அடுத்த நிறுத்தத்துக்குப் போயிருக்கும். கல்யாண வீட்டுக்குப் போனாலும் இதே கதை, துக்க வீட்டுக்குப் போனாலும் இதே கதை. ஒரு முறை தூரத்து உறவில் ஒருவர் இறந்து, அடக்கம் செய்யும் இடத்தில் எல்லோரும் தலைகுனிந்து நிற்க, அவள் மட்டும் சுற்றுச்சுவருக்கு அப்பாலிருந்த திடலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் நின்ற நாத்தனார் முழங்கையால் இடித்தாள்.

"அழுகை வரலைன்னா கைக்குட்டையையாவது கண்ணுல வை, அண்ணி. பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க."

எதிர்வீட்டில் தையல் மெஷின் போட்டிருக்கும் அக்கா இதைச் சொல்லிச் சொல்லியே சிரிப்பாள். "ஊரையே அளந்து வெச்சிருக்கா இவ. எந்த மனை என்ன விலைன்னு கேளுங்க, சொல்லுவா."

"விலை எனக்கு எதுக்குக்கா, வாடகை தெரிஞ்சா போதும்" என்பாள் அவள், தலை நிமிராமல். நாலு பேர் நடுவே அவள் பேசும் நீளமான பேச்சு அவ்வளவுதான்.

அவள் கணவர் அவளுக்கு சர்வேயரம்மா என்றே பெயர் வைத்துவிட்டார். வெளியூரிலிருந்து போன் பண்ணினால் சாப்பிட்டாயா, குழந்தை பள்ளிக்கூடம் போனாளா என்று கேட்பதற்கு முன்னால், "என்ன சர்வேயரம்மா, இந்தத் தடவை எங்க இடம் போட்டு வெச்சிருக்கே?" என்பார்.

அவர் டிரெய்லர் லாரி ஓட்டுபவர். முன்னால் இழுக்கும் வண்டி, பின்னால் ஒரு தெருவின் பாதி நீளத்துக்குப் பலகை. துறைமுகத்தில் இரும்புப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போனால் திரும்புவதற்கு மாதம் ஆகிவிடும். நடுவில் வீட்டில் தங்கும் சில நாட்களை அவர் 'வீட்டு நாள்' என்பார். அந்தச் சில நாட்களுக்காகத்தான் மற்ற நாட்களெல்லாம் என்பது அவள் கணக்கு.

கல்யாணமான புதிதில் அவர் ஓட்டியது கம்பெனி வண்டி. வீட்டு நாள் வந்தால் வண்டியைக் கம்பெனி வளாகத்திலேயே விட்டுவிட்டு, தோளில் ஒரு பையோடு கையை வீசிக்கொண்டு வருவார். மகள் பிறந்த பிறகுதான் சொந்த வண்டி ஆசை வந்தது. பழைய டிரெய்லர் ஒன்று விலைக்கு வந்தது. மெக்கானிக்கை அழைத்துப்போய் இன்ஜினைப் பார்த்தார், டயரைத் தட்டிப் பார்த்தார், பலகையின் அடியில் படுத்து வெல்டிங்கை விரலால் தடவிப் பார்த்தார். அவள் கையில் கழுத்தில் கிடந்ததெல்லாம் அதில் போயிற்று. இருவரும் எல்லாவற்றையும் யோசித்தார்கள். வீட்டுக்கு வரும்போது அது எங்கே நிற்கும் என்பதை மட்டும் யோசிக்கவில்லை. முதல் வீட்டு நாளன்று தெருமுனைக்கு வந்து பிரேக் போட்டு, புஸ்ஸென்று காற்று வெளியேற, ஜன்னல் வழியே தலையை நீட்டித் தெருவைப் பார்த்தபோதுதான் உறைத்தது. கைக்குழந்தையோடு ஓடி வந்த அவளைப் பார்த்து அவர் அசடு வழியச் சிரித்தார்.

"கல்யாணத்தை முடிச்சுட்டுப் பொண்ணை எங்க குடிவைக்கிறதுன்னு முழிக்கிற மாதிரி இருக்கு."

அன்றிலிருந்து ஆரம்பித்தது தேடல். முதலில் தெருமுனை. காய்கறி வண்டிக்காரர் வழி மறைகிறது என்று சத்தம் போட்டார். போலீஸ்காரர் அபராதச் சீட்டைக் கண்ணாடியில் செருகிவிட்டுப் போனார். கடைசியில் சாக்கடைக் கல் உடைந்தது, அதற்கும் அழ வேண்டியிருந்தது. பிறகு மூடிக்கிடந்த ஒரு சினிமா தியேட்டரின் பின்பக்கம். அங்கிருந்த வாட்ச்மேனுக்கு டீயும் பேச்சுத்துணையும் போதும். அந்த வருடங்கள்தான் நல்ல வருடங்கள். வீட்டிலிருந்து நடந்து போகும் தூரம். அவர் காலையில் பல் தேய்த்துக்கொண்டே போய் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு வருவார். மகளைப் பள்ளிக்கூடத்தில் விடுவார். மத்தியானம் கூடத்தில் காலை நீட்டிப் படுத்துக் குறட்டை விடுவார். அந்தக் குறட்டையைக் கேட்டுக்கொண்டே அவள் பாத்திரம் கழுவுவாள். தியேட்டரை இடித்து அடுக்குமாடி கட்ட ஆரம்பித்தபோது ஊரே குடியிருக்க வீடு வருகிறது என்று பேசிக்கொண்டது. அவள் மட்டும் இடிபாட்டின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தாள்.

அப்புறம் ஒரு பெட்ரோல் பங்க். டீசலை அங்கேயே நிரப்ப வேண்டும் என்பது பேச்சு. மேனேஜர் மாறினார், பேச்சும் மாறிவிட்டது. அதற்கப்புறம் ஊருக்கு வெளியே, காவல் போட்டு லாரிகளை நிறுத்தும் வாடகைத் திடல். ஒரு நாள் வாடகையைக் கேட்டுவிட்டு அவர், "அந்தக் காசுக்கு நான் லாட்ஜ்ல ரூம் போட்டுப் படுத்துக்கலாம், வண்டி ரோட்டுல நிக்கட்டும்" என்றார். வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் வாடகை ஏற ஏற வீட்டு நாட்கள் குறைந்தன. அவர் வாயால் குறைத்தேன் என்று சொல்லவில்லை. "இந்தத் தடவை லோடு சீக்கிரம் கிடைச்சிடுச்சு" என்பார். அவளும் எதுவும் கேட்கமாட்டாள்.

கடைசியில் பைபாஸ் ஓரம்தான் மிச்சம். காசு வேண்டாம், ஆனால் ஆளில்லாமல் நின்ற வண்டியில் பேட்டரி போகும், டீசல் போகும். அதனால் ஊருக்கு வந்தும் அவர் வண்டியிலேயே படுத்தார். அவள் சாப்பாட்டைத் தூக்குப் பாத்திரங்களில் அடைத்துக்கொண்டு, மகளையும் இழுத்துக்கொண்டு, இரண்டு பேருந்து மாறிப் போவாள். மூவரும் ஓட்டுநர் அறையில் கால் மடக்கி உட்கார்ந்து சாப்பிடுவார்கள். இருக்கைக்குப் பின்னால் இருக்கும் படுக்கைப் பலகையில் மகள் வீட்டுப்பாடம் எழுதுவாள். பெரிய வண்டிகள் கடக்கும்போதெல்லாம் எல்லாம் ஒரு ஆட்டம் ஆடும். மகள் எழுத்தும் கோணலாகும்.

"அப்பா வீட்டுக்கு வர்றார்னு சொல்றீங்க. நாமதானேம்மா அப்பாகிட்ட வர்றோம்?" என்று மகள் ஒரு நாள் கேட்டாள்.

"வீடு பெரிசாயிடுச்சு கண்ணு. இது நம்ம வீட்டோட கடைசி ரூம்" என்றார் அவர்.

வண்டிச் சாவியை அவர் யாரிடமும் கொடுத்ததில்லை. சட்டைப்பையில் போட்டு, தூங்கும்போதும் அந்தச் சட்டையைக் கழற்றமாட்டார். படுத்தவுடன் வலது கை ஒரு முறை பையைத் தொட்டுப் பார்க்கும். பிறகுதான் கண் மூடும். அதற்கு ஒரு காரணம் இருந்தது. கம்பெனியில் இருந்த காலத்தில் அவருடைய நெருங்கிய கூட்டாளி ஒருவர், சாப்பிடும் நேரத்தில் வண்டியைக் கொஞ்சம் தள்ளிப் போடச் சொல்லி வேறொருவரிடம் சாவியைக் கொடுத்தார். வண்டி பின்னால் போனது. பின்னால் நிழலுக்கு ஒதுங்கிப் படுத்திருந்த ஒரு கூலித் தொழிலாளி எழுந்திருக்கவேயில்லை. கூட்டாளி பல வருடம் கோர்ட்டுக்கு நடந்து, வண்டியைத் தொடாத ஆளாகிப் போனார். "ஓட்டினது எவனோ. ஆனா சாவி என் கூட்டாளியோடது" என்பார் அவர். அதற்கு மேல் அந்தப் பேச்சை நீட்டமாட்டார்.

உடம்பு தகராறு செய்ய ஆரம்பித்தது வலது கையில்தான். கியர் மாற்றும்போது விரல்கள் மரத்துப்போகின்றன என்றார். பிறகு தலைவலி. ஒரு முறை சாப்பிடும்போது வாயோரம் தண்ணீர் வழிந்ததை அவர் கவனிக்கவில்லை. அவள் கவனித்தாள். வற்புறுத்தி அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். டாக்டரம்மா ரத்த அழுத்தம் பார்த்தார், மறுபடி பார்த்தார், கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைத்தான் பார்த்தார்.

"மூணு நாள் அட்மிட் ஆகணும். மூணாவது நாள் கழுத்து ரத்தக்குழாயை மெஷின்ல பார்க்கணும். அடைப்பு இருந்தா இப்பவே மருந்து கொடுத்துடலாம். விட்டா ஒரு பக்கம் இழுத்துக்கும். அப்புறம் என்கிட்ட வந்து பிரயோஜனம் இல்லை."

வெளியே வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "மூணு நாள் வண்டியை எங்க விடறது?"

ஆஸ்பத்திரிப் பேச்சை அவள் எடுத்த ஒவ்வொரு தடவையும் இதே பதில். அடுத்த லோடு முடியட்டும், அடுத்த மாசம் பார்க்கலாம். பைபாஸில் விட்டுவிட்டு ஆஸ்பத்திரியில் படுக்க அவருக்கு மனம் வரவில்லை. வாடகைத் திடலுக்குக் கையில் இல்லை. ஆக, அவர் ஆஸ்பத்திரியில் படுப்பதும் படுக்காததும் ஒரு காலி மண்ணில் வந்து நின்றது.

அவள் தனியாகக் கிளம்பினாள். பேருந்தில் பார்த்து மனதில் போட்டு வைத்திருந்த இடங்கள் ஒவ்வொன்றாக. முன்பின் தெரியாதவர் வாசலில் நின்று வாய் திறப்பது அவளுக்குச் சாவுக்குச் சமானம். சில இடங்களில் கதவைத் தட்டவும் தைரியம் வராமல் சுவரோரம் நின்று திரும்பினாள். ஒரு செங்கல் சூளைக்காரர் முழுசாகக் கேட்காமலே கை விரித்தார். ஒரு பள்ளிக்கூடத்து வாட்ச்மேன், "லாரியா? சைக்கிள்னா பார்க்கலாம்" என்றார். கடைசியில் ஒரு மரக்கடை. முன்பக்கம் மர அறுவை, பின்பக்கம் கட்டைகள் அடுக்கிய பெரிய முற்றம். வாசல் போதும். கம்பி உயரத்தில் இருந்தது. மண் கெட்டி; செருப்புக் குதிகாலால் அழுத்திப் பார்த்தாள்.

மரக்கடைக்காரர் உடம்பெல்லாம் மரத்தூளோடு வந்தார். பேச்சு கறார்; கேட்ட வாடகை குறைவு.

"இடம் இருக்கும்மா. ஆனா ஒரு கண்டிஷன். சாவி இங்கதான் இருக்கணும்." சுவரில் அடித்திருந்த ஆணியைக் காட்டினார். அதில் ஏற்கெனவே இரண்டு சாவிகள் தொங்கின. "காட்டுலேர்ந்து கட்டை லாரி எப்ப வரும்னு எனக்கே தெரியாது. வந்தா உங்க வண்டியை முன்னால எடுத்துத்தான் அதை உள்ள விடணும். நானும் லாரி ஓட்டினவன்தான், பயப்படாதீங்க."

"சரிங்கண்ணே" என்று சொல்லிவிட்டாள். சொல்லும்போதே கணவரின் சட்டைப்பை நினைவுக்கு வந்தது. ஆனால் இடம் கிடைத்த சந்தோஷம் அதை மூடிவிட்டது.

அவர் வண்டியைக் கொண்டு வந்து ஒரே மூச்சில் பின்னால் தள்ளி, கட்டைகளுக்கும் சுவருக்கும் நடுவே ஒட்டினாற்போல் நிறுத்தினார். மரக்கடைக்காரர் தலையாட்டி மெச்சினார். ஆணி விஷயம் வந்ததும் கணவரின் கை சட்டைப்பைக்குப் போயிற்று, அங்கேயே நின்றது.

"மன்னிச்சுக்கணும். சாவி மட்டும் என்கிட்ட இருக்கட்டும். நீங்க ஒரு போன் போடுங்க, பறந்து வந்து எடுத்துக் கொடுத்துட்டுப் போறேன்."

"பொண்டாட்டியைக் கூட நம்பமாட்டீங்க போல" என்றார் மரக்கடைக்காரர்.

"அவளை நம்பித்தாங்க இந்த இடத்துக்கே வந்திருக்கேன்."

சிரித்தபடி ஒத்துக்கொண்டார்கள். வெளியே வந்ததும் அவர் அவளிடம் தணிந்த குரலில் சொன்னார்: "ஆஸ்பத்திரி, கீஸ்பத்திரின்னு இவர்கிட்ட வாயைத் திறந்துடாதே. இங்க லோடு புரோக்கருங்க வந்து போறாங்க. ஓட்டுறவனுக்கு உடம்பு சரியில்லைன்னு காதுல விழுந்தா ஒருத்தன் லோடு தரமாட்டான்."

லாரி வீடுகளில் இது எழுதாத சட்டம். டயர் பஞ்சர் என்று ஊருக்குச் சொல்லலாம். கை மரத்துப்போகிறது என்று சொல்லக் கூடாது. வாய் திறக்காமல் இருப்பது அவளுக்குச் சொல்லித்தர வேண்டிய வித்தையுமல்ல.

ஆஸ்பத்திரியில் கட்டில் கிடைத்தது. முதல் நாளும் இரண்டாம் நாளும் ஊசி, மாத்திரை, மணிக்கொரு தரம் கையில் பட்டை சுற்றி அழுத்தம் பார்ப்பது. அவருக்குப் பொழுது போகவில்லை; ஆனாலும் முகம் தெளிந்தது. பக்கத்துக் கட்டிலில் காலில் கட்டோடு கிடந்த கொத்தனாரிடம் ரோட்டுக் கதைகள் சொன்னார். அவள் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்தாள். தியேட்டர் காலத்துக்கு அப்புறம் அவர் குறட்டையைத் தொடர்ந்து கேட்டது அங்கேதான். மூன்றாம் நாள் காலை, மெஷின் அறைக்குக் கூப்பிடும்வரை எதுவும் சாப்பிடக் கூடாது என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போன கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது.

மரக்கடைக்காரர். கட்டை லாரி வாசலில் நிற்கிறது, பின்னால் வண்டிகள் ஹாரன் அடிக்கின்றன.

அவர் கட்டிலிலிருந்து காலைக் கீழே போட்டார்.

"சாவியைக் கொடுங்க" என்றாள் அவள். "நான் ஆட்டோவுல கொண்டுபோய்க் கொடுக்கறேன். அவர் எடுத்துப்பார். அவரும் லாரி ஓட்டினவர்தானே."

"அரை மணி நேரம். போயிட்டு வந்துடறேன்."

"இந்த ஒரு தடவைங்க."

அவர் சட்டைப் பொத்தானைப் போட்டார். வலது கை விரல்கள் பொத்தானைப் பிடிக்கத் தடுமாறின. அவள்தான் போட்டுவிட்டாள். அவள் விரல் சட்டைப்பையின்மேல் பட்டது, சாவி உள்ளே இருந்தது. அதை எடுத்திருக்கலாம். கணவர் சட்டைப்பையில் கை விடுகிற பழக்கம் அவளுக்கு இல்லை.

அரை மணி நேரம் என்பது வண்டிக்காரர்கள் வாயில் வரும் பேச்சு. ஒரு கட்டை லாரிக்குப் பின்னால் இன்னொன்றும் வந்திருந்தது. இறக்கி முடிக்கும்வரை தெருவில் போட்ட டிரெய்லரை விட்டு அவரால் நகர முடியவில்லை. மெஷின் அறையிலிருந்து அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் எழுந்து நின்று, "இதோ வந்துடுவார்" என்றாள். மறுபடி கூப்பிட்டபோதும் அதையே சொன்னாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. மூன்றாம் தடவை அவர்கள் அடுத்த பெயருக்குப் போய்விட்டார்கள்.

சாயங்காலம் அவர் வியர்வையோடு வந்து சேர்ந்தபோது, அவர் கட்டிலில் வேறொரு கிழவர் படுத்திருந்தார். அவள் வராந்தாவில் பையையும் சுருட்டிய பாயையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நர்ஸ் கோபமாகப் பேசினாள்; அவள் பேசியதில் தப்பு எதுவும் இல்லை. மெஷினுக்கு அடுத்த முறை எழுதிக் கொடுத்தாள், அடுத்த மாதத்துக்கு.

அவர் உள்ளே எட்டித் தன் கட்டிலைப் பார்த்தார். சிரித்தார்.

"பார்த்தியா சர்வேயரம்மா. கொஞ்சம் நகர்ந்தா போதும், இங்கயும் இடத்தைப் பிடிச்சுக்கறாங்க."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

இரண்டு நாள் கழித்து லோடு எடுத்துக்கொண்டு கிளம்பினார். அடுத்த மாதம் கட்டாயம் என்றார். இந்த முறை மெய்யாகவே வந்திருப்பார். பாதி வழியில் டாக்டரம்மா கொடுத்த மாத்திரை தீர்ந்தபோது நிறுத்தி வாங்கிப் போட்டுக்கொண்டதாகப் போனில் பெருமையாகச் சொன்னார்.

அந்த மாதம் முடியுமுன் போன் வந்தது. பேசியது முகம் தெரியாத வேறொரு டிரைவர். சுங்கச்சாவடி தாண்டி ரோட்டோரம் வண்டி நின்றிருக்கிறது. ரோட்டில் போட்ட வெள்ளைக் கோட்டைத் தாண்டி, ஒழுங்காக, பிரேக் போட்டு, மின்னும் விளக்கும் போட்டு நின்றிருக்கிறது. அவர் ஸ்டியரிங்மேல் சாய்ந்து கிடந்திருக்கிறார். "வண்டியை ஓரம் கட்டிட்டுத்தான் விழுந்திருக்கார்க்கா. அந்த நேரத்துலயும்" என்றார் அந்த டிரைவர். சாவி சட்டைப்பையில் இருந்தது.

உயிர் இருந்தது. வலது பக்கம் போய்விட்டது, பேச்சு போய்விட்டது. தூரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் அவர் கிடக்க, ஆளில்லாத வண்டி ரோட்டோரம் நின்றது. அவள் அங்கே போய் அவரைப் பார்த்துவிட்டு ஊருக்கு வந்து, மரக்கடைக்குப் போய்ச் சாவியை நீட்டினாள். அப்போதுதான் எல்லாம் சொல்ல வேண்டியதாயிற்று. மரக்கடைக்காரர் கேட்டுக்கொண்டே மரத்தூள் மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார்.

"அன்னிக்கு ஆஸ்பத்திரியிலேர்ந்தா வந்தார்?"

அவள் தலையாட்டினாள்.

"ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கட்டை லாரியை நாளைக்கு வான்னு அனுப்பியிருப்பேனேம்மா."

அன்றே அவர் பேருந்து ஏறிப் போய் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து, அதே இடத்தில் நிறுத்தி, சாவியை ஆணியில் மாட்டினார். விற்கும்வரை அது அங்கேயே தொங்கியது. வாங்கியவன் வந்த அன்று, வண்டியை ஒரு தடவை பார்த்துக்கொள்கிறீர்களா என்று மரக்கடைக்காரர் கேட்டனுப்பினார். அவள் போகவில்லை, கணவருக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

இதெல்லாம் நடந்து சில வருடங்கள் ஆகின்றன. மகள் ஒரு மருந்துக்கடையில் வேலைக்குப் போகிறாள். அவளோ காலை வேளைகளில் மரக்கடையில் தூள் அள்ளி மூட்டை கட்டுகிறாள். பேருந்தில் போகும்போது அவள் கண் இன்னும் காலி மண்ணில் போய் நிற்கிறது. அளந்து முடித்த பிறகுதான் எதற்கு அளந்தோம் என்று நினைவு வருகிறது. எதிர்வீட்டு அக்கா இப்போது அதைச் சொல்லிச் சிரிப்பதில்லை.

அவருக்குச் சில சொற்கள் திரும்பியிருக்கின்றன. டீ, தண்ணீர், மகளின் செல்லப் பெயர். படுக்க வைத்ததும் இடது கை மார்பைத் துழாவும். பை காலியாக இருந்தால் அலைபாய்வார், தூங்கமாட்டார். அதனால் அவள் வீட்டுச் சாவியை அந்தப் பையில் போட்டு வைக்கிறாள். தொட்டுப் பார்த்துவிட்டுத் தூங்கிவிடுகிறார்.

இப்போது எல்லா நாளும் அவர் வீட்டில்தான் இருக்கிறார்.